சுக்கிரனுக்காகக் காத்திருந்த மனிதர்

உயிர் போவதற்குள் ஒருமுறை காசிக்குப் போய்வர வேண்டும் என்பாரும், சொந்தமாக நாலு சுவர் எழுப்பி அதில் குடிபுக வேண்டும் என்பாரும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வீணை கற்றுக்கொள்ள வேண்டும் என்பாருமாக, மனிதர் ஒவ்வொருவரும் நிறைவேறாத மனோரதங்களின் ஜாபிதா ஒன்றை உள்ளத்தில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். இந்த ஆசைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இவ்வருஷம் கைகூடாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடலாம், காசியும் வீணையும் இருந்த இடத்திலேயே இருக்கும். வான சாஸ்திரிகளின் ஆசைகளில் சிலவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் காண விரும்பும் காட்சி எந்த வருஷம், எந்த மாதம், எந்த நாழிகையில் நிகழும் என்பது பல்லாண்டுகளுக்கு முன்பே கணிக்கப்பட்டிருக்கும். அந்த நாழிகை தவறினால், தவறவிட்டவருடைய ஆயுளுக்குள் அது மறுபடி வருவதில்லை. அத்தகைய ஆசை ஒன்றை மேற்கொண்டு, அதன் பொருட்டுப் பதினோரு வருஷங்களைக் கடலிலும் தீவுகளிலும் நம் புதுச்சேரியிலும் கழித்த ஒரு பிரெஞ்சுக்காரரின் சரித்திரமே இந்த அத்தியாயத்தின் பொருள்.

அவர் காண விரும்பியது சுக்கிரக் கடப்பு. பூமியின் பாதைக்கு உட்புறமாகச் சூரியனைச் சுற்றிவரும் சுக்கிரன், ஏறக்குறைய 584 நாட்களுக்கு ஒருமுறை நம்மை முந்திச் செல்கிறது. அப்படி முந்தும்போதெல்லாம் அது சூரிய பிம்பத்தின்மீது ஒரு கரிய பொட்டாக ஊர்ந்து செல்வதை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அவ்வாறு நிகழாததற்குக் காரணம், அதன் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறக்குறைய 3.4 பாகை சாய்ந்திருப்பதுதான். நம் கண்ணுக்குச் சூரிய பிம்பத்தின் அகலம் அரைப் பாகைக்குச் சற்றே கூடுதல்; ஆகையால் சுக்கிரன் பெரும்பாலான தடவைகளில் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடுகிறது. இரு தளங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோட்டின் அருகே, அதாவது இக்காலத்தில் ஜூன் மாதத்தின் முற்பகுதியிலோ டிசம்பர் மாதத்தின் முற்பகுதியிலோ, அந்த முந்துதல் நேர்ந்தால் மட்டுமே கடப்பு சாத்தியமாகும். ஐந்து முந்துதல்களுக்கு ஆகும் காலம் எட்டு வருஷங்களுக்கு ஏறத்தாழ இரண்டரை நாள்தான் குறைவு என்பதால், ஒரு கடப்பு நிகழ்ந்தால் எட்டு வருஷம் கழித்து இன்னொன்று பெரும்பாலும் நிகழ்கிறது. அந்தச் சிறு குறைவு சேர்ந்துகொண்டே போவதால் மூன்றாவது தடவை சுக்கிரன் சூரியனைத் தொடாமல் விலகிவிடுகிறது. அதன்பின் நூறு வருஷங்களுக்கு மேல் ஒன்றுமில்லை. எட்டு, நூற்று ஐந்தரை, மறுபடி எட்டு, நூற்று இருபத்தொன்றரை என்னும் இந்த இடைவெளிகள் கூடி 243 வருஷச் சக்கரம் ஒன்று உருவாகிறது.

இந்தச் சக்கரம் மனிதர்களின் ஆயுளைச் சற்றும் பொருட்படுத்துவதில்லை. 1631ஆம் வருஷம் டிசம்பரில் ஒரு கடப்பு நிகழும் என்று முதன்முதலில் கணித்துச் சொன்ன கெப்ளர் 1630 நவம்பரில் காலமானார். அந்தக் கடப்பும் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இரவில் நிகழ்ந்ததால் அதை அங்கே எவரும் காணவில்லை. எட்டு வருஷம் கழித்து 1639இல் இன்னொன்று உண்டு என்பதைக் கெப்ளரின் பட்டியல்களைத் திருத்திக் கண்டுபிடித்தவர் ஜெரெமையா ஹாராக்ஸ் என்னும் ஆங்கில வாலிபர். அவரும் அவருடைய நண்பர் வில்லியம் கிராப்ட்ரீயும் மட்டுமே, மனித குலத்தில் முதல்முறையாக, அந்தக் காட்சியைக் கண்டு குறித்துவைத்தார்கள். ஹாராக்ஸ் அதன்பின் இரண்டு வருஷங்கூட வாழவில்லை. 1641 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 22.

கண்டு களிப்பதற்கு மேலான ஒரு பிரயோஜனத்தை இக்காட்சிக்கு உண்டாக்கியவர் எட்மண்ட் ஹாலி. கெப்ளரின் விதிகளால் கிரகங்களின் தூரங்களுக்கு இடையிலுள்ள விகிதங்கள் செவ்வனே தெரிந்திருந்தன. பூமியின் தூரம் ஒன்று என்றால் சுக்கிரனின் தூரம் 0.72 என்று எவரும் சொல்லிவிடலாம். அந்த ஒன்று எத்தனை மைல் என்பதுதான் தெரியவில்லை. அளவுகோல் குறிக்கப்படாத தேசப்படத்தைப் போல, சூரிய மண்டலம் முழுவதும் சரியான உருவத்தோடும் தெரியாத பரிமாணத்தோடும் சாஸ்திரிகளின் முன் கிடந்தது. பூமியில் வடக்கே ஒருவரும் தெற்கே ஒருவரும் நின்று ஒரே கடப்பைப் பார்த்தால், சூரிய பிம்பத்தின்மீது சுக்கிரன் செல்லும் கோடு இருவருக்கும் சிறிது வேறுபட்ட இடங்களில் தோன்றும். கோட்டின் நீளம் மாறுவதால் கடப்பு நீடிக்கும் நேரமும் சில நிமிஷங்கள் மாறும். அந்த நிமிஷ வித்தியாசத்திலிருந்து சுக்கிரனின் தூரத்தையும், அதிலிருந்து சூரியனின் தூரத்தையும் கணக்கிட்டுவிடலாம் என்பது ஹாலியின் யுக்தி. இதை அவர் 1716இல் விரிவாக எழுதி வெளியிட்டபோது அவருக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கடப்போ 1761இல். அதைக் காண வேண்டுமானால் அவர் 104 வயது வரை வாழ வேண்டும். தாம் காணப்போவதில்லை என்பதை நன்கு அறிந்திருந்தும், எந்தெந்த ஊரிலிருந்து பார்ப்பது உத்தமம் என்று அவர் நிதானமாக எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் முயற்சி எடுத்துக்கொள்வதானால் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள புதுச்சேரி அவர்களுக்குத் தக்க இடம் என்பது அந்தக் குறிப்புகளில் ஒன்று. நிறைவேறாது என்று நிச்சயமாகத் தெரிந்த மனோரதத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதற்கு இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை. 1742இல் அவர் மறைந்தார்.

அந்தப் புதுச்சேரியைத் தேடிப் புறப்பட்டவர்தான் கியோம் லெ ஜாந்தீ. நார்மண்டியிலுள்ள கூட்டான்ஸ் என்னும் ஊரில் 1725இல் பிறந்து, பாதிரியாராகும் உத்தேசத்துடன் பாரிஸுக்கு வந்து, அங்கே டெலீல் என்னும் பேராசிரியரின் வானசாஸ்திரப் பிரசங்கங்களைக் கேட்டு மனம் மாறியவர். ஆண்ட்ரோமிடா மண்டலத்தின் அருகே உள்ள சிறு துணை மண்டலத்தை 1749இல் கண்டுபிடித்துச் சொன்னவரும் இவரே. பிரெஞ்சு விஞ்ஞான சபையின் அங்கத்தினர் என்ற முறையில், 1760 மார்ச் 26ஆம் தேதி அவர் கப்பலேறினார். சூரியனைக் கடக்க சுக்கிரனுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. எந்தப் பிரயாணத்துக்கும் அது தாராளமான அவகாசம்.

ஆயினும் அப்போது பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் ஏழு வருஷப் போர் மூண்டிருந்தது. இன்று மொரிஷியஸ் எனப்படும் தீவில் இறங்கி, கோரமண்டல் கரைக்குச் செல்லும் கப்பலுக்காக எட்டு மாதங்கள் அவர் காத்திருக்கும்படி ஆயிற்று. ஒருவழியாக 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பல் புறப்பட்டது. காற்று மாறியதால் அது அரபிக்கடலில் வாரக்கணக்காக அலைந்து, மே 24ஆம் தேதி மாஹியின் அருகே வந்தபோது, மாஹியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்டன என்ற செய்தி கிடைத்தது. புதுச்சேரி விழுந்தது அந்த ஜனவரியிலேயே. அதாவது அவர் மொரிஷியஸிலிருந்து பாய் விரித்த நாளில், அவர் போக வேண்டிய கோட்டையில் வேறு கொடி பறந்துகொண்டிருந்தது. கப்பல் வந்த வழியே திரும்பியது. ஜூன் 6ஆம் தேதி காலையில் ஆகாயம் மிகத் தெளிவாக இருந்தது. சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்றதை லெ ஜாந்தீ கப்பலின் மேல்தட்டில் நின்றபடி பார்த்தார்.

பார்த்தார் என்றாலும், அவருடைய நோக்கத்துக்கு அது பாராததற்குச் சமானம். கடப்பின் தொடக்கத்தையும் முடிவையும் விநாடி சுத்தமாகக் குறிக்க வேண்டும். அக்காலத்தில் அதற்குத் தகுந்த கருவி ஊசல் கடிகாரம் ஒன்றுதான், ஆடும் கப்பலில் ஊசல் ஒழுங்காக ஆடாது. பார்க்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். நடுக்கடலில் அதை அறிய வழியில்லை. அதே காலையில் சென்னையில் வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியார், கவர்னர் பிகட்டின் மாளிகையிலிருந்து அந்தக் கடப்பைச் சாவகாசமாகக் கண்டு குறித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். லெ ஜாந்தீ, எட்டு வருஷம் கழித்து 1769 ஜூனில் இன்னொரு கடப்பு உண்டு, அதன்பின் 1874 வரை கிடையாது என்பதை யோசித்து, இந்தச் சமுத்திரத்திலேயே தங்கிவிடுவதென்று தீர்மானித்தார். பிடிவாதம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த எட்டு வருஷத்தை அவர் சும்மா உட்கார்ந்து கழிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடகாஸ்கரின் கீழ்க்கரையை ஆராய்ந்தார். இந்து மகாசமுத்திரத்தின் பருவக்காற்றுகளையும் கடலேற்ற இறக்கங்களையும் பற்றிக் குறிப்புகள் திரட்டினார். 1766இல் ஒரு ஸ்பானியக் கப்பலில் மணிலாவுக்குப் போனார். அங்கிருந்தே இரண்டாம் கடப்பைப் பார்ப்பது அவருடைய எண்ணம். மணிலாவின் ஸ்பானிய கவர்னரோ அவர் காட்டிய சிபாரிசுக் கடிதங்கள் போலியோ என்று சந்தேகித்தார்; பாரிஸிலிருந்து வந்த கடிதங்களும், சமாதான உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்துவிட்ட புதுச்சேரிக்கே போவது நலம் என்று தெரிவித்தன. 1768 மார்ச் 27ஆம் தேதி, புறப்பட்டு எட்டு வருஷம் கழித்து, அவர் புதுச்சேரியில் கால் வைத்தார்.

ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் சிதைவுகளின்மேல் கவர்னர் லா அவருக்கு ஒரு நோக்குக்கூடம் கட்டிக்கொடுத்தார். அதன் கீழிருந்த நிலவறையில் வெடிமருந்து சேமித்துவைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சென்னை ஆங்கிலேயர்கள், பழைய பகையை மறந்து, உயர்ந்த தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை அனுப்பி உதவினார்கள். சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன்மேல் இருக்கும், காலை ஏழு மணிக்குச் சற்று முன் வெளியேறும் என்பது கணக்கு. முடிவு மட்டுமே காணக்கிடைக்கும் ஊர் என்பதால் தீர்க்கரேகையைச் செம்மையாக நிர்ணயிப்பது அவசியமாயிற்று. வியாழனின் உபகிரகங்கள் மறைவதையும் வெளிப்படுவதையும் மாதக்கணக்காகக் கவனித்து அதைச் செய்து முடித்தார். 1769 மே மாதம் முழுவதும் காலை வேளைகள் அற்புதமாக இருந்தன. ஜூன் 3ஆம் தேதி மாலைகூட அவரும் கவர்னரும் வியாழனின் உபகிரகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள்.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது ஆகாயம் மூடிக் கிடந்தது. விடியுமுன் காற்று எழுந்து, சிறிது நம்பிக்கை தந்து, மறுபடி மேகங்களைத் திரட்டிக்கொண்டு வந்தது. கடப்பு முடியும் நேரம் வந்து போயிற்று. சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் அடித்தது. அன்று முழுவதும் அடித்தது. மணிலாவில் அன்று காலை ஆகாயம் நிர்மலமாக இருந்ததென்றும் அங்கே கடப்பு நன்றாகக் காணப்பட்டதென்றும் பிறகு அவருக்குத் தகவல் வந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் மனம் ஒடிந்து கிடந்தார். நடந்ததைப் பாரிஸுக்கு எழுதுவதற்குப் பேனாவைக் கையிலெடுக்கக்கூட முடியாமல் இருந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார்.

திரும்பும் பிரயாணத்தின் கஷ்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: நோய், மொரிஷியஸில் மாதக்கணக்கான தாமதம், புயலில் அடிபட்டுத் திரும்பி வந்த கப்பல், கடைசியில் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பல். 11 வருஷம் 6 மாதம் 13 நாட்களுக்குப் பிறகு, 1771 அக்டோபரில், பிரனீஸ் மலையைக் கடந்து தாய்நாட்டில் பிரவேசித்தபோது, அவர் இறந்துபோனதாகவே கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். விஞ்ஞான சபையில் அவருடைய ஸ்தானமும் பறிபோயிருந்தது. ஸ்தானத்தைச் சபை மீண்டும் அளித்தது; சொத்துக்காகத் தொடுத்த வழக்கில் அவர் தோற்றார்.

இந்தக் கதையை எழுதியவர்கள் பலரும் லெ ஜாந்தீயை விஞ்ஞான சரித்திரத்தின் பெரிய துரதிர்ஷ்டசாலியாக்கி முடித்துவிடுகிறார்கள்; கனடாவில் அவரைப் பற்றி ஒரு நாடகமே எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாபிதாவில் எழுதிய வரி நிறைவேறிற்றா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்பவர்களுக்குத்தான் அவர் துரதிர்ஷ்டசாலி. சாஸ்திரத்தின் தரப்பிலிருந்து பார்த்தால், அவர் காணாததால் நஷ்டம் ஏதும் ஏற்படவில்லை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தாமஸ் ஹார்ன்ஸ்பி, வடக்கே நார்வேயும் ரஷ்யாவும், மேற்கே ஹட்ஸன் விரிகுடாவும் கலிபோர்னியாவும், தெற்கே கேப்டன் குக் சென்ற டஹிட்டித் தீவும் ஆகிய ஐந்து இடங்களின் குறிப்புகளைக் கொண்டு, சூரியனின் தூரம் 93,726,900 மைல் என்று 1771இல் வெளியிட்டார். இன்று நாம் அறிந்துள்ள 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டரிலிருந்து அது நூற்றுக்கு ஒரு பங்குகூட விலகவில்லை. அந்தக் கணக்கில் புதுச்சேரி இல்லை. அதனால் கணக்குக்குக் குறையுமில்லை. கலிபோர்னியாவில் கடப்பைப் பழுதில்லாமல் பார்த்த ஷாப் என்னும் பிரெஞ்சு சாஸ்திரி, மனோரதம் நிறைவேறிய இரண்டே மாதத்தில் அங்கு பரவிய கொள்ளைநோய்க்குப் பலியானார் என்பதையும், அதிர்ஷ்டத்தை அளப்பவர்கள் தங்கள் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

லெ ஜாந்தீ கொண்டுபோனது வேறு ஒன்று. புதுச்சேரியில் காத்திருந்த மாதங்களில், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் சோழிகளைப் பரப்பி, ஏட்டைப் புரட்டாமல், மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கிரகணங்களைக் கணிப்பதை அவர் கண்டார். கண்டதோடு நிற்காமல், ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டார். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது தடவை நிகழ்வதற்கு 248 நாட்கள் ஆகின்றன. அந்த 248 நாட்களுக்கும் நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக, எழுத்துகளே எண்களைக் குறிக்கும்படி அமைத்து, சந்திரனின் இடம் மனப்பாடமாக்கப்பட்டிருந்தது. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் பெரிய பெரிய நாட்கணக்குகளைக் கழித்துக்கொண்டே வந்து, எஞ்சும் நாளுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நிற்கும் இடம் கிடைத்துவிடும். 1765 ஆகஸ்டு 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தை இந்த முறைப்படி கணித்ததில், கிரகணம் நீடித்த காலத்தில் 41 விநாடிகளே குறைந்திருந்தன என்று லெ ஜாந்தீ எழுதினார். ஐரோப்பாவின் தலைசிறந்த பட்டியல்களாகிய தோபியாஸ் மேயரின் பட்டியல்கள் 68 விநாடி மிகுதியாகக் காட்டின. அதே 1765இல்தான் அந்தப் பட்டியல்களுக்காக மேயரின் விதவைக்கு ஆங்கில அரசு 3,000 பவுன் பரிசளித்திருந்தது.

ஒரே ஒரு கிரகணத்தை வைத்துக்கொண்டு நாம் மார்தட்டுவது நியாயமாகாது. 1825இல் ஜான் வாரன் என்பவரின் முன்னிலையில் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் இதே முறையில் கணித்த சந்திர கிரகணம், தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. பழைய மூலாங்கங்களைத் திருத்தாமல் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்துவந்தால் இப்படித்தான் ஆகும். எனினும், அயல்நாட்டு விஞ்ஞானி ஒருவர் இந்த முறையின் உட்பொருளை உள்ளபடி கற்று எழுதியதனால்தான், பெயி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1787இல் இந்திய வானசாஸ்திரத்தைப் பற்றி ஒரு முழு நூல் எழுத முடிந்தது. 1952இல் கணித வரலாற்றாசிரியர் நாய்கெபௌவர் வாரனின் குறிப்புகளை எடுத்து, தமிழ் வானசாஸ்திரம் என்ற தலைப்பிலேயே கட்டுரை வரைந்தார். லெ ஜாந்தீ 1761இல் புதுச்சேரியில் இறங்கி, கடப்பைப் பார்த்து, அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருந்தால், அவர் பெயர் நூற்றுக்கு மேற்பட்ட நோக்கர்களின் பட்டியலில் ஒன்றாகப் புதைந்திருக்கும். அவர் எழுதிய இந்தியக் கடற்பிரயாண நூல் 1779இலும் 1781இலும் இரண்டு பாகங்களாக வந்தது. நாடு திரும்பியபின் மணம் புரிந்துகொண்டு, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, பாரிஸ் நோக்குக்கூடத்திலேயே குடியிருந்து, 1792இல் அவர் காலமானார்.

1874இல் கடப்பு திரும்பி வந்தபோது, சென்னை நோக்குக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், நம் ஜனங்களும் அதை அறிந்து பார்க்க வேண்டும் என்று சிறு நூல் ஒன்றை எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். பிறகு 1882, அதன்பின் 2004 ஜூன் 8ஆம் தேதி காலை பத்தே முக்காலிலிருந்து மாலை ஐந்து வரை தமிழ்நாட்டிலிருந்தே முழுவதும் காண முடிந்தது, 2012 ஜூன் 6ஆம் தேதி சூரியோதயத்தோடு மற்றொன்று. அடுத்தது 2117 டிசம்பரில். இதை வாசிக்கும் வயதிலிருப்பவர்களுக்கு அநேகமாக அது ஹாலியின் 1761தான்.

சுக்கிரனைத் தவறவிட்டவர்களுக்குப் புதன் இருக்கிறது. 2032ஆம் வருஷம் நவம்பர் 13ஆம் தேதி, பகல் 12 மணிக்குச் சற்றுப் பிறகு தொடங்கி மாலை நாலரை மணி வரை, புதன் சூரியனைக் கடக்கும். சூரியன் முன்னதாகவே மறைந்துவிடும் வடகிழக்கு மூலை நீங்கலாக, இந்தியா முழுவதிலும் அதை ஆதியோடந்தமாகப் பார்க்கலாம். புதனின் பொட்டு சூரிய பிம்பத்தின் அகலத்தில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்குதான் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தூரதிருஷ்டிக் கண்ணாடியின் முன்புறத்தில் தக்க சூரிய வடிகட்டியைப் பொருத்தியோ, அதன் வழியே வரும் பிம்பத்தை வெள்ளைக் காகிதத்தில் விழச் செய்தோ காண வேண்டும். வடிகட்டி இல்லாமல் அதில் கண் வைப்பவர் கண்ணையே இழப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அது ஐப்பசியின் கடைசி, தமிழ்நாட்டுக் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓங்கி நிற்கும் சமயம். சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே வடக்கே தக்காணத்துக்கு ரயிலேறிவிடுவது உத்தமம்.